தட்டக்காவின் கைகள்

லிஃப்ட் வந்து நின்றதற்குக் கை தட்டிக்கொண்டே உள்ளே நுழைகிறார் தட்டக்கா. நேற்று குழாயில் தண்ணீர் வந்ததற்குத் தட்டினார். டாக்டர் சரியான நேரத்துக்கு வந்துவிட்டால் இரண்டு தட்டு கூடுதல். மனநலப் பிரிவின் மூத்த நர்ஸ் இவர். அப்பா அம்மா வைத்த பெயர் எங்களுக்கே மறந்துவிட்டது. வீட்டில் சமையல் கணவர் பொறுப்பு. "வாயில வைக்கிறதுக்கு முன்னாடியே கை தட்டிடுவா. அப்புறம் உப்பில்லேன்னு எப்படிச் சொல்றது? முழுங்கித்தான் ஆகணும்" என்று சிரிப்பார் அவர்.

இவ்வளவு சத்தக்காரருக்கு வாய்த்த வேலையைப் பாருங்கள். தங்களைத் தாங்களே காயப்படுத்திக்கொண்டு வருகிறவர்களுக்குக் கட்டுப் போட்டு, பக்கத்தில் உட்கார்ந்து பேச வேண்டும். பள்ளிக்கூடப் பிள்ளையும் வரும், ஓய்வு பெறப்போகிற அதிகாரியும் வருவார். நான் அதே அறையில் மருந்தும் பஞ்சும் எடுத்துக் கொடுப்பவள்.

கதவு சாத்தியதும் குரல் தணிந்துவிடும். நாற்காலியை ஓரமாகத் தள்ளிவிட்டு, வந்தவரைவிடத் தாழ்வாகக் குட்டை ஸ்டூலில் உட்காருவார். தன் உள்ளங்கையை மேசைமேல் விரித்து வைத்து, "பாக்கலாமா?" என்பார். அவர்களாகக் கையைக் கொடுக்கும்வரை தொடமாட்டார். மரத்துப்போக ஊசி போடாமல் தையல் போடவும் விடமாட்டார். "தானா பண்ணிக்கிட்டா வலிக்காதா என்ன?"

ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்க மாட்டார். "அன்னிக்குக் காலையிலேர்ந்து என்ன நடந்துச்சு, சொல்லு" என்பார். "செத்துப் போயிடலாம்னு தோணுச்சா?" என்பதை மட்டும் சுற்றி வளைக்காமல், காய்ச்சல் இருக்கிறதா என்று விசாரிக்கிற குரலிலேயே கேட்பார். முதல் தடவை எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கேட்கப்பட்ட பெண்ணோ, பாரம் இறங்கினாற்போல மூச்சு விட்டாள். "எல்லாம் நம்ம கவனத்தை இழுக்கறதுக்குத்தான்" என்று முணுமுணுத்த அவள் அம்மாவிடம், "குடுத்துடுங்களேன்மா, கவனம் என்ன கடையிலயா வாங்கணும்?" என்றார் தட்டக்கா.

பேக்கரித் தம்பி வந்தது அந்தச் சமயத்தில்தான். கேக்கின் மேல் பூ வரைகிறவன். அடுப்புச் சூட்டிலும் முழுக்கைச் சட்டை. அண்ணன் வீட்டில் இருக்கிறான். "கை நிறைய சம்பளம் வாங்குறான், என்ன குறைச்சல் இவனுக்கு?" என்று வாசலிலேயே நின்றார் அண்ணன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அண்ணிதான் உள்ளே வந்து உட்கார்ந்தாள். தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் நினைப்பு வந்தால் உடனே அண்ணியிடம் சொல்வது, அவள் கூடவே இருப்பது என்று மூவரும் பேசி முடிவு செய்தார்கள்.

ஒரு நாள் தம்பி சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டினான். புதுக் காயம் எதுவும் இல்லை. தட்டக்கா தட்டிய தட்டு வராந்தாவுக்கே கேட்டது. "இங்க வந்து பாருங்களேன்!" என்று என்னையும் கூப்பிட்டார். தம்பி காது சிவக்கச் சிரித்தான்.

அடுத்த தடவை அவன் வரவில்லை. அதற்கடுத்த தடவையும் இல்லை. போன் செய்தால், "நல்லாத்தான் இருக்கான்" என்று வைத்துவிட்டார் அண்ணன். தட்டக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. யார் கதவைத் திறந்தாலும் நிமிர்ந்து பார்த்தார். மறுபடி மறுபடி முயன்றதில் ஒருவழியாகத் தம்பியே எடுத்தான்.

"நீங்க அவ்ளோ சந்தோஷமா கை தட்டினீங்கக்கா. அடுத்த வாரமே மறுபடி ஆயிடுச்சு. எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு வர்றது?"

அன்றே அவனை வரவழைத்தார். மறைத்து வைத்த காயம் சீழ் கட்டியிருந்தது. அண்ணியிடமும் சொல்லவில்லையாம். செத்துப்போகலாம் என்றும் தோன்றியதாக, தட்டக்கா கேட்ட பிறகே சொன்னான். டாக்டரும் வந்து நெடுநேரம் பேசினார். கட்டுப் போட்டு முடித்ததும் தட்டக்கா சொன்னார்: "அன்னிக்குக் கை தட்டினது என் தப்புப்பா. காயம் இருந்தாலும் வா, இல்லேன்னாலும் வா. எனக்கு நீ வந்தாப் போதும்." அவன் குலுங்கி அழுதான். எனக்கும் கண் கலங்கியது.

அதற்குப் பிறகு நல்ல சேதியோடும் வந்தான், காயத்தோடும் வந்தான். எப்படி வந்தாலும் அதே ஸ்டூல், அதே "பாக்கலாமா?"

போன வாரம் வந்தவன், கேட்பதற்கு முன்பே கையை நீட்டினான். காயமெல்லாம் ஆறியிருந்தது. "ஞாயித்துக்கிழமை மறுபடி அந்த நினைப்பு வந்துச்சுக்கா. அண்ணியக் கூப்பிட்டுச் சொல்லிட்டேன். அடுப்பை அணைச்சுட்டு வந்து கூடவே உக்காந்துட்டாங்க. கொஞ்ச நேரத்துல அண்ணனும் வந்து உக்காந்தாரு. நான் எந்திரிக்கிற வரைக்கும் அவரும் எந்திரிக்கல."

தட்டக்காவின் முகம் மலர்ந்தது. கைகள் இரண்டும் தாமாகவே மேலெழுந்தன. பாதியிலேயே நிறுத்தி, இரண்டையும் தொடைக்கு அடியில் திணித்து, அவற்றின் மேலேயே அழுத்தி உட்கார்ந்துகொண்டு, "ம், அப்புறம்?" என்றார்.