பேரையூரிலிருந்து வந்த சிபியு

என் கணவருக்குப் பக்கவாதம் வந்தபோது நாற்பது வயதுகூட ஆகவில்லை. மதுரையில் மேலமாசி வீதியை ஒட்டிய சந்தில், கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து கொடுக்கும் சின்னக் கடை எங்களுடையது. கல்யாணமான புதிதில் சாப்பாடு கொண்டுபோகத்தான் அங்கே போனேன். அப்புறம் ஸ்க்ரூ டிரைவர் எடுத்துக் கொடுத்து, கேபிள் மாட்டி, விண்டோஸ் போடுவதுவரை பழகிவிட்டேன். சிக்கலான மெஷின் என்றால் மட்டும் அவர்.

வலது கையும் பேச்சும் போயின. மிஞ்சியது ஒரே சொல்: "சரி." பசிக்கிறதா என்றாலும் சரி, வலிக்கிறதா என்றாலும் சரி. பேச்சு மெல்லத் திரும்பலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். உள்ளே எல்லாம் அப்படியே இருக்கிறது, வெளியே வரும் வழிதான் அடைத்திருக்கிறது என்று நான் எடுத்துக்கொண்டேன். அந்த நம்பிக்கையில்தான் கடையை மறுபடி திறந்தேன். தினமும் ஆட்டோவில் அவரையும் கூட்டிப்போய் நாற்காலியில் உட்காரவைப்பேன்.

பேரையூரில் டைப்ரைட்டிங்கோடு கம்ப்யூட்டர் வகுப்பும் நடத்துகிற ஒரு பெண், சிபியுவைச் சாக்கில் சுற்றி பஸ்ஸில் கொண்டுவந்தாள்.

"விண்டோஸ் போயிருச்சுக்கா. திருப்பிப் போட்டா பாதியில நின்னுக்கிருது. அண்ணே கை வச்சா சரியாயிரும்னு கொண்டாந்தேன்."

"வச்சுட்டுப் போ தங்கச்சி. பாப்போம்."

விண்டோஸ் சிடியைப் போட்டேன். அவள் சொன்னதுபோலவே ஆனது. காப்பி ஆகிக்கொண்டே போய், ஃபைலைப் படிக்க முடியவில்லை என்று நின்றது. சிடியை மாற்றினேன். கொஞ்சம் தள்ளிப் போய் நின்றது. சிடி டிரைவை மாற்றினேன், கேபிளை மாற்றினேன். ஆரம்பத்திலேயே நின்றது. கடையில் கிடந்த நல்ல ஹார்ட் டிஸ்க் ஒன்றை மாட்டியும் பார்த்தேன்.

"என்னங்க, டிஸ்க்கையும் மாத்திட்டேன், நிக்குது. போர்டு போயிருக்குமோ?"

"சரி."

"இல்ல, ராம் போயிருக்குமோ?"

"சரி."

ஒவ்வொரு தடவையும் வேறு வேறு இடத்தில் நிற்பதுதான் என்னை உறுத்தியது. சிடியில் கீறல் என்றால் அந்தக் கீறலில்தானே நிற்க வேண்டும்? படித்ததை நடுவில் கொஞ்ச நேரம் வைத்திருக்கிற ராம் அதைக் கெடுத்துவிட்டால்? உள்ளே இரண்டு ராம் பட்டைகள் இருந்தன. ஒன்றைக் கழற்றிவிட்டு விண்டோஸைப் போட்டேன். நிற்காமல் கடைசிவரை ஓடியது. நிச்சயப்படுத்திக்கொள்ள, உள்ளே இருந்ததை எடுத்துவிட்டுக் கழற்றியதை மாட்டினேன். நின்றது.

மெஷினை அணைத்து, கெட்ட பட்டையைக் கழற்றி அவருடைய இடது கையில் வைத்தேன். "இதுதாங்க இம்புட்டுப் பாடு படுத்துனது."

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு குனிந்து, காலியாக இருந்த இடத்தில் அதை மாட்டப் போனார். கரண்ட் இல்லை என்பதால் நான் தடுக்கவில்லை. கீழே இறங்க வேண்டிய பட்டையின் பொன்னிறப் பற்கள் மேலே இருந்தன. தலைகீழ். அப்படியே அழுத்தினார். நான் வாங்கி, சரியான பக்கமாகத் திருப்பிக் கொடுத்தேன். அதை மறுபடி தலைகீழாக்கி அழுத்தினார். கஸ்டமரோடு பேசியபடி, பார்க்காமலே ராம் மாட்டுகிற மனிதர். இப்போது அது ஏன் இறங்கவில்லை என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்.

அழுதிருந்தால் தாங்கியிருப்பேன். போனது பேச்சு மட்டுமில்லை என்று அந்த மதியம் எனக்குத் தெரிந்தது. பட்டையை வாங்கி மேஜையில் வைத்துவிட்டு, டிபன் பாக்ஸைத் திறந்து அவருக்குச் சோறு ஊட்டினேன்.

மறுவாரம் அந்தப் பெண் வந்தாள்.

"அண்ணே பாத்தாராக்கா?"

"நாந்தான் பாத்தேன்," என்றேன்.

அவள் அவரை ஒரு கணம் பார்த்தாள். நான் சிபியுவைச் சாக்கில் சுற்றிக் கட்டும்போது ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, "ஒங்களுக்குன்னு ஆளு யாரும் இல்லையாக்கா?" என்றாள். முடிச்சை இறுக்குவதுபோலக் குனிந்துகொண்டேன்.

அதற்குப் பிறகும் சில வருஷங்கள் இருந்தார். கடைக்குத் தினமும் கூட்டிப்போனேன். வெயில், வீதியில் போகிற தேர்க்கூட்டம், ராத்திரிக்கு என்ன சமையல் என்றெல்லாம் அவரோடு பேசிக்கொண்டிருப்பேன். மெஷினைப் பற்றி மட்டும் எதுவும் கேட்டதில்லை. விஷயம் தெரியாமல் யாராவது அவரிடம் சந்தேகம் கேட்டால், அவர் வாய் திறப்பதற்குள் நான் பதில் சொல்லிவிடுவேன்.