பச்சையம்மாவின் பெயர் ஏறிய பட்டியல்

பாகூர்ப் பக்கம் கொம்யூன் என்ற ஊராட்சி ஆபீஸ் ஒன்றில் நான் எழுத்தராகச் சேர்ந்தபோது பிரெஞ்சுக்காரர் ஆட்சி. முதல் நாளே, நாங்கள் ‘முசே’ என்று மரியாதையாக அழைக்கும் பெரிய குமாஸ்தா ஒரு தடித்த நோட்டைக் கொடுத்து, சம்பளத்துக்கு வீட்டுவேலை ஆள் வைத்திருப்பவர்களின் பட்டியல் எடுத்துவரச் சொன்னார். ஆள் ஒன்றுக்கு வருஷ வரி உண்டு. எத்தனை பேர், என்ன கூலி, எப்போதிலிருந்து என்று எழுதி, வீட்டுக்காரரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். அவ்வளவுதான் வேலை என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் எல்லையோர ஊர் ஒன்றில் தணிகாசலம் என்ற பண்ணைக்காரர் வீட்டுக்குப் போனேன். மோர் கொடுத்து உபசரித்தார். தம் வீட்டில் வேலையாளே கிடையாது என்றார். அவர் சொல்லும்போதே கொல்லையில் ஒரு பெண் சாணி வழித்துக்கொண்டிருந்தாள். யார் என்று கேட்டேன். இங்கிலீஷ்காரன் எல்லைக்குள் இருக்கும் ஊரிலிருந்து வந்துபோகிற தூரத்துச் சொந்தம் என்றார். நானும் ‘இல்லை’ என்று எழுதப்போனேன்.

அவள் கையைக் கழுவிவிட்டு வந்து நின்றாள்.

“சாமி, எம்பேரு பச்சையம்மா. எட்டு வருஷமா இந்த வூட்ல கூலிக்குத்தான் செய்றேன். மாசத்துக்கு மூணு மரக்கா நெல்லு. எழுதிக்குங்க.”

தணிகாசலம் அவளை உள்ளே போகச் சொன்னார். அவள் அசையவில்லை. ஐந்து மாத நெல் நிற்கிறது என்றாள். கோர்ட்டில் விசாரித்ததற்கு, வேலை செய்ததற்கு அத்தாட்சி இல்லாமல் மனு நிற்காது என்று சொல்லிவிட்டார்களாம். வரிக்காக எடுக்கும் பட்டியல் அவளுக்கு அத்தாட்சியாகும் என்று அதுவரை எனக்குத் தோன்றவே இல்லை. எழுதினேன். அவளிடம் கைநாட்டு வாங்கினேன். தணிகாசலம் கையெழுத்துப் போட மறுத்தார், அதையும் எழுதினேன்.

மறுநாள் பெரிய குமாஸ்தா கூப்பிட்டார். தணிகாசலம் எனக்கு முன்பே வந்து பேசிவிட்டுப் போயிருந்தார். அந்தப் பெயரை அடித்துவிடச் சொன்னார் குமாஸ்தா. எனக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. ஆனாலும் நோட்டை அவர் பக்கம் நகர்த்தினேன்.

“நீங்களே அடிச்சி, பக்கத்துல கையெழுத்துப் போட்டுடுங்க முசே.”

பேனாவை எடுத்தார். கைநாட்டைப் பார்த்தார். பேனாவை வைத்துவிட்டார்.

பச்சையம்மாவை அன்றே வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அவள் மனுப்போட்டு அந்தப் பக்கத்தின் நகலை வாங்கிக்கொண்டு கோர்ட்டுக்குப் போனாள். நான்கு வாய்தாவுக்கும் நடந்தே போனாள். ஐந்து மாத நெல்லையும் கொடுக்கும்படி தீர்ப்பாயிற்று. தணிகாசலம் வரியும் கட்டினார். எனக்கு நிரந்தரம் மட்டும் இரண்டு வருஷம் தள்ளிப்போயிற்று.

கரும்பு வெட்டு முடிந்த சமயம், பச்சையம்மா ஆபீஸுக்கு வந்தாள். கூடவே பள்ளிக்கூட வாத்தியாரின் மனைவி. அவர் வீட்டில் புதிதாக வேலைக்குச் சேரப்போகிறாளாம். ஒரு நாள்கூட வேலை செய்யாமல் தம்மை இவ்வளவு தூரம் இழுத்து வந்துவிட்டாள் என்று அந்த அம்மா குறைப்பட்டுக்கொண்டார்.

“மொதல்ல பேரு ஏறட்டும்மா. அப்பறம் வந்து வெளக்கமாத்த எடுக்கறேன்” என்றாள் பச்சையம்மா.

எழுதினேன். அதற்குப் பிறகு ஓய்வுபெறும் வரை, அங்கே வேலை செய்கிற ஆளை நேரில் கேட்காமல் எந்த வீட்டுக்கும் நான் ‘இல்லை’ என்று எழுதியதில்லை.