பாண்டியம்மாளுக்குச் சொல்லிவிட்டீர்களா?

ராசாங்கம் மாமா இறந்த செய்தியை எனக்குச் சொன்னது ஒரு ஃபிளெக்ஸ் பேனர். உசிலம்பட்டியில் நான் பாடம் நடத்தும் கல்லூரியிலிருந்து டவுன் பஸ்ஸில் எழுமலைக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். பஸ் ஊருக்குள் திரும்பும் முக்கில் அவர் ஆளுயரத்துக்குச் சிரித்துக்கொண்டு நின்றார். தலைக்கு மேல் 'கண்ணீர் அஞ்சலி'. இரண்டு தோளுக்கும் பக்கத்தில் இணையத்திலிருந்து எடுத்து ஒட்டிய தேனீக்கள். காலடியில் ஒரு பூச்சிமருந்துக் கம்பெனியின் சின்னம். அதற்கும் கீழே, 'எழுமலை வட்டார முருங்கை விவசாயிகள்'.

அந்த விவசாயிகளில் எங்கள் வீடும் ஒன்று. பேனருக்கு அப்பாவும் பங்கு கொடுத்திருந்தார் என்று வீட்டுக்குப் போனதும் தெரிந்தது. பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஊர்க்காரர், "நல்ல மனுசன்ப்பா. தேனீன்னா உசுரு அவருக்கு" என்றார். அப்படிச் சொன்னவர் மாமாவின் கடைப் படியை மிதித்து நாளாகிறது. நாங்களும் அப்படித்தான்.

நம் விவசாயிகள் குழு கொண்டுவரும் நினைவு மலருக்கு, "மாமாவைப் பத்தி நாலு நல்ல வார்த்தை எழுதிக் குடுப்பா" என்று கேட்டீர்கள். நல்ல வார்த்தைகள் இருக்கின்றன. அவற்றை மட்டும் எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மாமா தேனீ வளர்த்தவர் அல்ல. தேனீயைக் கொல்லும் மருந்தை விற்றவர். நான் பிறப்பதற்கு முன்பிருந்தே எழுமலை கடைவீதியில் அவருடைய பூச்சிமருந்துக் கடை இருந்தது. நீங்கள் எல்லோரும் அந்தக் கடையில் நின்றவர்கள்தான். நோய் விழுந்த இலையை ஒரு பாலித்தீன் பையில் போட்டுக்கொண்டு போவோம். அவர் இலையைத் திருப்பிப் பார்ப்பார், கசக்கி மோந்து பார்ப்பார், அலமாரியிலிருந்து இரண்டு பாட்டிலையும் ஒரு பொட்டலத்தையும் எடுத்து வைப்பார். "மூணையும் கலந்து அடி." அவ்வளவுதான் வைத்தியம். பாட்டிலில் என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் படித்ததில்லை. படிக்கும்படி யாரும் எழுதியதும் இல்லை.

கல்லாவுக்குப் பின்னால் ஒரு போட்டோ மாட்டியிருந்தார். நிறைய விற்றதற்காகக் கம்பெனிக்காரர்கள் வெளிநாட்டுக்குக் கூட்டிப்போனபோது எடுத்தது. பூப்போட்ட சட்டை, ஓலைத்தொப்பி, பின்னால் கடல். அந்தப் பயணத்தைப் பற்றிக் கேட்டால், "படகுல ஏத்துனாய்ங்க, பப்பாளியாத் திங்கக் குடுத்தாய்ங்க, வயித்தால போச்சு" என்பார். கடைசிவரை அந்தப் போட்டோவை அவர் கழற்றவில்லை. அவரை மகான் ஆக்கப் பார்க்கிறவர்கள் அதையும் நினைவில் வைத்துக்கொள்ளட்டும்.

பாண்டியம்மாள் அந்தக் கடைக்கு முதன்முதலில் வந்த நாளில் நான் அங்கே இருந்தேன். அப்பா சொன்ன மருந்தை வாங்கப் போயிருந்தேன். பாண்டியம்மாள் மதுரையை ஒட்டிய கீழக்குயில்குடிக்காரர். அந்தப் பக்கம் பாதி நிலத்தில் பிளாட் கல் ஊன்றிவிட்டதால், தேனீப் பெட்டிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு பூ இருக்கும் ஊராகத் தேடிப் போய்க்கொண்டிருந்தார். எங்கள் பக்கம் முருங்கை பூத்த நேரத்தில் தோட்டங்களுக்கு நடுவே ஒரு தரிசை வாடகைக்குப் பிடித்துப் பெட்டிகளை வைத்திருந்தார்.

நேராக உள்ளே வந்தார். மடியை அவிழ்த்துக் கல்லாக் கண்ணாடியின் மேல் கொட்டினார். செத்த தேனீக்கள். சில இன்னும் காலை அசைத்துக்கொண்டிருந்தன. பலவற்றுக்கு நாக்கு வெளியே நீட்டியிருந்தது.

"இந்தாங்கண்ணே. சரக்கு நல்லா வேல செய்யுது" என்றார்.

மாமா நிமிர்ந்து பார்த்தார். "யாரு தோட்டத்துல தாயி?"

"யாரு தோட்டமா இருந்தா எனக்கென்ன? ஊருக்கு ஒரு கடைதான இருக்கு?"

கடையில் நின்ற யாரோ சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை. டீ சொல்லியனுப்பினார். பாண்டியம்மாள் குடிக்கவில்லை. கிளம்பும்போது மாமா கேட்டார்: "முன்னாடியே தெரிஞ்சா என்ன செய்வ?"

"மொத நா ராத்திரியே பெட்டி வாசல அடச்சிருவேன். மறுநா முழுக்க வெளிய விடமாட்டேன். அம்புட்டுத்தான். சொல்றதுக்குத்தான் ஆள் இல்ல."

"நம்பரச் சொல்லு."

மார்க்கர் பேனாவால் சுவரில், காலண்டருக்குப் பக்கத்தில், பெரிய எண்களாக எழுதினார். 'பாண்டியம்மா, தேனீ.' அன்றிலிருந்து அந்தக் கடைக்கு ஒரு சட்டம் வந்தது. பூ இருக்கும் காலத்தில் மருந்து வாங்க வருகிறவர் முதலில் பாண்டியம்மாளுக்குப் போன் போட வேண்டும். மாமாவே டயல் செய்வார், ஸ்பீக்கரைப் போடுவார், போனைக் கண்ணாடியின் மேல் வைப்பார். பேச மாட்டார். "நீ அடிக்கிற மருந்து. நீயே சொல்லு" என்பார்.

எத்தனை கூத்து நடந்தது அங்கே! மீசையை முறுக்கிக்கொண்டு வந்த ஆட்கள் போனுக்கு முன்னால் குரல் கம்மி நின்றார்கள். "அடிக்கலாமாம்மா?" என்று ஒருவர் கேட்டுவிட்டார். கடை முழுக்கச் சிரிப்பு. பாண்டியம்மாள் அந்தப் பக்கமிருந்து, "வேணாம்னா விட்டுருவீகளாக்கும்?" என்றார். "விடியக்காலம் அடிக்காதீகண்ணே, அப்பத்தான் பூவுல பூராம் உக்காந்திருக்கும். பொழுது சாஞ்ச பெறகு அடிங்க." சிலர் கேட்டார்கள். அந்தப் பருவம் பெட்டிகள் பிழைத்தன.

என்னையும் ஒரு முறை என் போனிலிருந்தே போட வைத்தார். அப்படித்தான் அந்த நம்பர் என்னிடம் வந்தது.

ஆனால் அப்படிப் போன் போட்டதை ஊர் மறக்கவில்லை. மருந்தடிக்கும் நேரத்தை மாற்றுவதில் யாருக்கும் கஷ்டம் இல்லை. ஒரு பெண்ணிடம் சொல்லிவிட்டு அடிப்பதுதான் கஷ்டமாக இருந்தது. "எந்தோட்டத்துல நான் மருந்தடிக்க ஒரு வெளியூர்ப் பொம்பளகிட்ட பர்மிசன் வாங்கணுமா?" டீக்கடையில் இதைக் கேட்டது யார் என்று உங்களுக்குத் தெரியும். பல பேர் கேட்டார்கள். அவர்களில் என் அப்பா தவசியும் ஒருவர்.

அடுத்த பருவம் வெயில் முந்திக்கொண்டது. முருங்கை பூத்துத் தள்ளியது, பூ அப்படியே உதிர்ந்தது. மரத்தடி வெள்ளையாகக் கிடந்தது. நம் ஊர் உடனே காரணம் கண்டுபிடித்தது. மரத்தில் பூவைச் சுற்றித் தேனீ. தரையில் உதிர்ந்த பூ. தேனீ சாற்றை உறிஞ்சிவிடுவதால்தான் பூ நிற்கவில்லை! இதைப் பள்ளிக்கூடம் படித்தவர்களும் சொன்னார்கள். டிகிரி வாங்கியவர்களும் சொன்னார்கள். வெயிலை யாரும் குற்றம் சொல்லவில்லை. வெயிலை அடிக்க மருந்து இல்லை அல்லவா.

அப்பாவும் இன்னும் சிலரும் மாமாவின் கடைக்குப் போனார்கள். நான் அன்று ஊரில் இல்லை. அங்கே நடந்ததைப் பிறகு மாமாவே எனக்குச் சொன்னார்.

"நல்ல கடுசான மருந்தாக் குடு மச்சான். போன் கீன் எல்லாம் வேணாம்" என்றாராம் அப்பா.

"போன் போட்டுட்டு வாங்கிட்டுப் போ மாப்ள."

"அவ என்ன உனக்கு அக்காளா தங்கச்சியா?"

"அவ யாரா இருந்தாலும் போன் போடு."

அவர்கள் போடவில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கம் புதிதாகத் திறந்திருந்த கடைக்குப் போனார்கள். அங்கே கேள்வி இல்லை. மறுநாள் விடியற்காலையில், பூ முழுக்கத் தேனீ உட்கார்ந்திருந்த நேரத்தில், எங்கள் தோட்டத்திலும் பக்கத்துத் தோட்டங்களிலும் ஸ்பிரேயர் ஓடியது.

அந்த வாரச் சனிக்கிழமை நான் ஊருக்கு வந்தபோது பாண்டியம்மாள் பெட்டிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். காலிப் பெட்டியைத் தூக்க ஒரு ஆள் போதும். ஆடு மாடு செத்தால் எழுதிக் கொடுக்கவாவது ஒரு ஆபீஸ் இருக்கிறது. தேனீ செத்தால் எந்த ஆபீஸ் வாசலில் நிற்பது என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. யாரையும் திட்டாமல் அவர் வண்டியில் ஏறினார். திட்டியிருந்தால் நமக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அன்று மாமாவின் கடையில் போய் உட்கார்ந்தேன். அப்பாவுக்காக மன்னிப்புக் கேட்க நினைத்திருந்தேன். அவர் என்னைப் பேச விடவில்லை.

"இங்கேருந்து எறங்குறப்பவே எங்க போறாய்ங்கன்னு எனக்குத் தெரியும் மாப்ள. போனு இந்தா, இங்கதான் கெடந்துச்சு. 'தாயி, பெட்டிய அடச்சிரு'ன்னு ஒரு வார்த்த. போடல. எங்கிட்ட வாங்காதவனுக்காக நான் ஏன் போடணும்னு வீம்பு. மத்தவய்ங்களப் பொம்பளகிட்டச் சொல்லுன்னேன். எனக்கு வந்த வீம்ப மட்டும் நான் பாக்கல."

இதை ஏன் மலரில் எழுதினாய் என்று அவர் குடும்பத்தார் என்னைக் கேட்கலாம். அவர் ஒளிக்காததை நான் ஒளிக்கக் கூடாது என்பதால் எழுதினேன். நம்மில் வேறு யாரும் இப்படி ஒரு வார்த்தை சொன்னதாக எனக்குத் தெரியவில்லை.

அந்தப் பருவம் வெயில் தணிந்து மறுபடியும் பூ வந்தது. உதிரவில்லை, நின்றது. காய்தான் இல்லை. அப்பா மனமில்லாமல் மாமா கடைக்குப் போனார், என்னையும் கூட்டிக்கொண்டு. "காய் பிடிக்க ஏதாச்சும் டானிக் இருந்தாக் குடு மச்சான்."

மாமா எழுந்திருக்கவில்லை. "அந்த டானிக்குப் பெட்டி பெட்டியா உந்தோட்டத்து ஓரத்துலயே இருந்துச்சே மாப்ள. நீங்கதான அடிச்சுக் காலி பண்ணுனீக."

அப்பா படியிறங்கிவிட்டார். அதன் பிறகு எங்கள் வீட்டிலிருந்து யாரும் அங்கே போகவில்லை. ஊரிலும் பாதிக்கு மேல் போகவில்லை. அவர் கடையை மூடவும் இல்லை. "மூடிட்டா நீ சோறு போடுவியா?" என்று என்னிடம் கேட்டார். வாங்க வந்த ஒன்றிரண்டு பேருக்கு விற்றார். மற்ற நேரம் தன் பழைய டிவிஎஸ்ஸை எடுத்துக்கொண்டு தோட்டம் தோட்டமாகச் சுற்றினார். யார் எப்போது அடிக்கப்போகிறார்கள் என்று விசாரித்தார். யார் கடையில் வாங்கியிருந்தாலும் சரி, பாண்டியம்மாளுக்குப் போன் போட்டார்.

ஒருநாள் ரோட்டோரம் வண்டியை நிறுத்திப் பேசிக்கொண்டிருந்தார். ஸ்பீக்கரில்தான்.

"எம்பெட்டிதான் அங்க இல்லையேண்ணே. எனக்கு எதுக்குச் சொல்றீக?"

"தெரியும் தாயி. சொல்லிட்டேன்."

கிழவனுக்கு மண்டை குழம்பிவிட்டது என்று நாம் பேசிக்கொண்டோம். இப்போது அதே ஆளுக்குப் பக்கத்தில் தேனீப் படம் ஒட்டிப் பேனர் வைத்திருக்கிறோம்.

காரியம் முடிந்த மறுநாள் அப்பா தோட்டத்திலிருந்து வந்தார். மொட்டில் புழு விழுந்திருக்கிறது, பஸ் ஸ்டாண்டு கடையில் மருந்து வாங்கிவிட்டேன் என்றார்.

"போன் போட்டாச்சா?" என்று கேட்டேன்.

"யாருக்கு?" என்றவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "அந்தம்மா போயி எம்புட்டு நாளாச்சு. பெட்டி ஒண்ணுகூட இல்லையேடா."

நான் டயல் செய்தேன். ஸ்பீக்கரைப் போட்டு, திண்ணையில் போனை வைத்தேன். அப்பா போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அலோ."

"எழுமலை தவசி பேசுறேம்மா. முருங்கைக்கு மருந்து அடிக்கிறோம். சொல்லிரலாம்னு…" என்று இழுத்தார் அப்பா.

"ராசாங்கம் அண்ணே எங்க? அவருதான கூப்புடுவாரு. கொஞ்ச நாளா போனயே காணோம்."

அப்பா என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். ஊருக்கெல்லாம் கேதம் சொல்லியிருந்தோம். மதுரையிலிருந்து கம்பெனிக்காரன்கூட மாலையோடு வந்துபோனான். அந்த நம்பர் மாமாவின் கடைச் சுவரில் அத்தனை பெரிய எண்களில் இருந்தது. ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

"அண்ணே… தவறிட்டாரும்மா" என்றார் அப்பா.

"எப்ப?"

சொன்னார்.

"காரியமே முடிஞ்சிருச்சா?"

"முடிஞ்சிருச்சு."

அப்பா நின்றுகொண்டே இருந்தார். அப்புறம் பாண்டியம்மாளின் குரல் வந்தது. "எத்தன மணிக்கு அடிக்கிறீக?"

"விடியக்…" என்று தொடங்கிய அப்பா நிறுத்தினார். "சாயங்காலம்மா. பொழுது சாஞ்ச பெறகு."

"செய்ங்க. காட்டுத் தேனீ ஒண்ணு ரெண்டு மிச்சமிருந்தா அதாவது பொழைக்கட்டும்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

மாமாவிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது அந்த நம்பரைத்தான். அடுத்த பூவுக்கும் போடுவேன். ஸ்பீக்கரில் போடுவேன். பேச வேண்டியது மருந்து அடிக்கிறவர். பேனருக்குப் பங்கு கொடுத்த எல்லோருக்கும் நம்பரை அனுப்பியிருக்கிறேன்.