பின்பக்கமாக மலையேறிய கல்யாணக் கார்

போன வருஷம் ஆகஸ்ட் மாதம், இலங்கையில், கேகாலைப் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்தில் நடந்தது இது. அன்றைக்கு என் அக்காவுக்குக் கல்யாணம்.

எங்கள் வீடு மலையடிவாரத்தில், மெயின் ரோட்டுக்குப் பக்கத்தில். மாதா கோயில் மலைக்கு மேலே, தோட்டத்தின் மேல் டிவிஷனில். பாதர் மாதம் ஒருமுறைதான் வருவார். எங்கள் பூசை முடிந்த கையோடு அடுத்த தோட்டத்துக்கு ஓட வேண்டும். "ஒன்பதரைக்குப் பொண்ணு வாசல்ல நிக்கணும். இல்லாட்டி அடுத்த மாசந்தான்" என்று முன்பே சொல்லிவிட்டார்.

அப்பாவிடம் ஒரு பழைய மொரிஸ் மைனர் கார் இருக்கிறது. அக்காவை அதில்தான் கூட்டிப்போக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தது நான். டெக்னிக்கல் கொலிஜில் மோட்டார் மெக்கானிக் படிக்கிற தலைக்கனம். "வேன் சொந்தக்காரங்கள ஏத்திட்டு மேல போகட்டும்ப்பா. அக்காவ நான் கொண்டாறேன்."

எஞ்சினுக்குப் பெற்றோல் ஊட்டுகிற கார்புரேட்டர் தேய்ந்து போயிருந்தது. வரக்காப்பொலவில் ஒரு பழைய சாமான் கடையில் இரண்டு கிடைத்தன. ஒன்று இந்தக் காருக்கே உரிய சின்ன வகை, கறுத்துப்போய்க் கிடந்தது. மற்றது வேறொரு காருடையது. அகலமான வாய், பளபளவென்று. ஏற்றத்துக்குப் பலம் வேண்டுமே என்று பெரியதை எடுத்தேன். போல்ட் துளைகள் பொருந்தவில்லை. விடுவேனா? அலுமினியத் தகடு வெட்டி, புதுத் துளை போட்டு, எஞ்சினுக்கும் அதற்கும் நடுவில் வைத்துப் பூட்டினேன். கண்டி ரோட்டில் பட்டுப்போல ஓடியது. ஏற்றத்தில் ஓட்டிப் பார்க்கத் தோன்றவே இல்லை.

கல்யாணத்தன்று பின் சீட்டில் அப்பாவும் வெள்ளைச் சேலையில் அக்காவும். ரப்பர் பால் நிறுக்கிற கொட்டகை வரை சுமாரான பாதை. அதற்கப்புறம் செங்குத்து. ஐம்பது அடி போயிருப்போம். கார் இருமியது, குலுங்கியது, நின்றுவிட்டது. கொட்டகையடிச் சமதரைக்கு உருட்டி இறக்கினால் உடனே ஸ்டார்ட். மறுபடி ஏற்றினால் மறுபடி செத்துப்போனது. மணி ஒன்பது பத்து. வேன் மேலே போய்விட்டது. போனில் சிக்னல் இல்லை. விடியவிடிய மழை பெய்த பாதையில், அந்தச் சேலையோடு நடந்தால் அரை மணி நேரத்துக்குக் குறையாது.

அக்கா அழவில்லை. "ஒன்ன நம்பி ஏறுனேன் பாரு, என்னச் சொல்லணும்டி" என்றாள். அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

பானட்டைத் திறந்தேன். பெற்றோல் பம்ப் ஒழுங்காகத்தான் அடித்தது. சமதரையில் ஓடுகிறது, ஏற்றத்தில் நிற்கிறது. அப்படியானால் வித்தியாசம் சாய்வு மட்டும்தானே? சட்டென்று கண்ணில் பட்டது. கார்புரேட்டரோடு ஒட்டி ஒரு சின்னப் பெற்றோல் கிண்ணம் இருக்கும். அதிலிருந்துதான் எஞ்சின் உறிஞ்சும். நான் பூட்டியதில் அந்தக் கிண்ணம் பின்பக்கமாக நின்றது. கார் மூக்கைத் தூக்கியதும் கிண்ணம் தாழ்ந்து, உறிஞ்சும் இடத்துக்குப் பெற்றோல் எட்டவில்லை. வாயை அளந்தேன், துளையை அளந்தேன், திசையைப் பார்க்கவில்லை!

கழற்றித் திருப்ப நேரமில்லை. ஆனால் காரைத் திருப்பலாமே?

"அப்பா, பின் கண்ணாடி வழியா வெளிய பாத்து வழி சொல்லுங்க. ரிவர்ஸ்ல ஏத்தப் போறேன்."

"பைத்தியமா பாப்பா ஒனக்கு? கோயில் வரைக்குமா?"

"அப்பத்தான் கிண்ணம் மேல வரும். நம்புங்கப்பா."

அப்பா வேட்டியை மடித்துக்கொண்டு சீட்டில் முழங்கால் போட்டுத் திரும்பி உட்கார்ந்தார். கொட்டகை முன்னால் காரைத் திருப்பி, ரிவர்ஸ் போட்டு ஏற்றினேன். கறுப்புப் புகை கக்கியது, ஆனால் நிற்கவில்லை! "வலது... வலது... போதும், நேரா விடு" என்று அப்பா கத்தக் கத்த மூன்று கொண்டை ஊசி வளைவுகள். பால் வாளியோடு வந்தவர்கள் ஒதுங்கி நின்று, "ஏம்மா, மாப்பிள்ள வேணாம்னு ஓடுறியா?" என்று கேட்டார்கள். அக்கா ஜன்னலில் தலையை நீட்டி, "காரு மூஞ்சியப் பாக்காதீங்க, அது போற பக்கத்தப் பாருங்க!" என்றாள். அப்போதுதான் எனக்கு மூச்சே வந்தது.

ஒன்பது இருபத்தேழுக்குக் கோயில் வாசல். மாப்பிள்ளை வீட்டார் முதலில் பார்த்தது எங்கள் காரின் டிக்கியைத்தான். பாதர் சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே போய்விட்டார். பிடித்துக்கொண்ட கழுத்தைத் தேய்த்தபடி அப்பா ஒவ்வொருவரிடமும், "எம் மக ரிவர்ஸ்லயே ஏத்திட்டா, பாத்தீங்களா?" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரமே அந்தச் சின்ன, கறுத்த கார்புரேட்டரை வாங்கி, கழுவி, கிண்ணம் முன்பக்கம் வரும்படி பூட்டி, முதல் வேலையாக அதே ஏற்றத்தில் ஏற்றினேன். ஒரு இருமல் இல்லை. தப்பாகத் தெரிவு செய்ததும் நான்தான், பாதி மலையில் அதைக் கண்டுபிடித்து அக்காவை வாசலில் இறக்கியதும் நான்தான். இரண்டையும் ஒரே மூச்சில், தலை குனியாமல் சொல்ல இன்றைக்கு என்னால் முடிகிறது.