பூட்டிய பெட்டியும் பட்டாணிப் பையும்

காலைக் காப்பிக்கும் முன்னால் கீழ்த்தளத்து பெர்னடீன் செய்யும் முதல் வேலை, ஃப்ரீசரிலிருந்து பட்டாணிப் பையை எடுத்து, கூடத்துச் சுவரிலிருக்கும் பிளாஸ்டிக் பெட்டியின் தலையில் வைப்பதுதான். பெட்டிக்குள், வீட்டுச் சூட்டை அளந்து கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட். அமெரிக்காவின் பஃபலோ நகரில் எங்கள் வாடகை வீட்டின் இரண்டு தளங்களுக்கும் அது ஒன்றுதான். வீட்டுக்காரர் கிரெக் அதை ஒரே அளவில் வைத்துப் பூட்டி, சாவியைக் கொண்டுபோய்விட்டார். ஆனால் பெட்டியில் ஓட்டைகள் உண்டு. பட்டாணியின் குளிர் அவற்றின் வழியே இறங்கினால், வீடே விறைத்துவிட்டதென்று கருவி நம்பிவிடும். நிலவறையில் வீட்டைச் சூடாக்கும் கொதிகலன் உறுமத் தொடங்கும்.

பெர்னடீனுக்கு எழுபத்தொரு வயது. முப்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். இன்றும் சோபாவில் உட்கார்ந்தால் பெல்ட்டைத் தேடி இடுப்போரம் கை போகும். பட்டாணி இளகிவிட்டால் பெட்டியின் மேல் சோளப் பை ஏறும், இளகியது சூப்பாகும். "ரெண்டு மாசமா இதே சூப்புதான் கண்ணு. ஏப்பம்கூட பச்சையா வருது" என்பார்.

இத்தனையும் அவருக்காக இல்லை. கொதிகலன் நேர் கீழே இருப்பதால் அவர் தளம் எப்போதும் வேகும். மேலே ஏறுவதற்குள் சூடு ஆறிவிடும். மேலே நான், என் கணவர், ஏழாம் மாதமே பிறந்துவிட்ட எங்கள் ஐரிஸ். குழந்தையின் அறை குளிரவே கூடாது என்று மருத்துவர் சொல்லியனுப்பியிருந்தார். கிரெக்கிடம் கெஞ்சினோம், செவிடன் காதில் ஊதிய சங்குதான். மறுநாளே பட்டாணி ஏறிவிட்டது. இப்போது ஐரிஸுக்குக் கன்னம் வைத்திருக்கிறது. ஜனவரிப் பனியில் ஜன்னலைத் திறந்துபோட்டு, கையில்லாத சட்டையில் விசிறிக்கொண்டிருக்கும் அந்த மனுஷிக்கு நன்றி சொல்ல எனக்கு வாய் போதவில்லை. சொன்னாலும், "போம்மா, புள்ளையப் பாரு" என்று விரட்டிவிடுவார்.

நேற்று கிரெக்கின் வண்டி வாசலில் வந்து நின்றது. நான் ஐரிஸோடு கீழேதான் இருந்தேன். பெர்னடீன் ஜன்னலைச் சாத்தி, பையை ரொட்டி டப்பாவுக்குள் திணித்துவிட்டுக் கதவைத் திறந்தார். கொதிகலன் ஓயாமல் எரிகிறதாம். யாரோ கை வைக்கிறார்களாம். தேவையில்லாத சூடென்று தெரிந்தால் கருவியையே கழற்றி நிலவறையில் மாட்டிவிடுவாராம். கொதிகலன் பக்கத்தில் மாட்டினால், அங்கிருக்கும் சூட்டை நம்பிக் கருவி அதை அணைத்துவிடும், மேலே எங்கள் கதி அவ்வளவுதான். நான் குழந்தையை இறுக்கிக்கொண்டேன்.

"உள்ள அனலா அடிக்குதே. உங்களுக்கு வேர்க்கலையா?" என்றார் கிரெக், நெற்றியைத் துடைத்தபடி.

"வேர்வையா? வயசாச்சு கிரெக், எலும்பெல்லாம் நடுங்குது" என்று சொல்லிக்கொண்டே பெர்னடீன் கதவோரம் தொங்கிய கம்பளிக் கோட்டை எடுத்து மாட்டி, கீழிருந்து கழுத்து வரை ஒவ்வொரு பொத்தானாகப் போட்டுக்கொண்டார்.