அப்பா கிரைண்டிங் செய்த பிளேடு

1. முதல் திருப்பம்

செலக்‌ஷன் ஆட்டத்துக்காக ஐஸில் இறங்கியவன், முதல் திருப்பத்திலேயே விழுந்தேன். எழுந்து நாலு தள்ளு தள்ளி அடுத்த திருப்பத்துக்குப் போனேன். அங்கேயும் விழுந்தேன். வளைகுடா நாட்டில் ஒரு பெரிய மாலுக்குள் இருக்கும் ரிங்க் அது. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் பர்கர் தின்றுகொண்டிருந்த ஒரு குடும்பம் என்னைக் காட்டிச் சிரித்தது. பதினான்கு வருடமாக இதையே தொழிலாகச் செய்கிறவன் என்று அவர்களுக்குத் தெரிய நியாயமில்லை.

கோயமுத்தூர்க்காரன் ஐஸ் ஹாக்கி ஆடிப் பிழைத்தான் என்றால் இன்றைக்கும் யாரும் நம்புவதில்லை. பெண் பார்க்கப் போன இடத்தில் மாமனார் கேட்டார். "ஏனுங் மாப்பிள்ளை, ஐஸ் மேலயா வெளையாடறீங்க? வழுக்காதுங்களா?"

"வழுக்கறதுக்குத்தானுங் மாமா சம்பளமே" என்றேன். அவர் சிரிக்கவில்லை. எப்படியோ பெண்ணைக் கொடுத்தார்.

சரவணம்பட்டியில் என்னிடம் ஐஸ் ஸ்கேட்டிங் பழக வரும் பிள்ளைகள், "சார், நீங்க ஏன் விட்டுட்டீங்க?" என்று அடிக்கடி கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை. அதனால் எழுதி வைக்கிறேன்.

2. ஓட்டை அடைக்கிற ஆள்

பள்ளிக்கூடத்தில் சக்கர ஸ்கேட்டில் ஆரம்பித்தேன். அதில் ஹாக்கி ஆடினேன். ஒரு குளிர்காலத்தில் வடக்கே மலைக்குக் கூட்டிப்போய், உறைந்த ஏரியின் மேல் நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு சக்கரம் பிடிக்காமல் போய்விட்டது.

நான் டிஃபென்ஸ் ஆடுகிறவன். கோல் போட்டுப் பேர் வாங்குகிற இடம் இல்லை அது. பந்துக்குப் பதிலாக வழுக்கி ஓடுகிற பக் என்ற ரப்பர் வில்லை, நம் கோலுக்குள் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். உடம்பில் வாங்கியாவது நிறுத்த வேண்டும். ஏழு அணிகளுக்கு ஆடினேன். பெரிய ஆட்டக்காரனுக்குக் காயம் பட்டால் எனக்கு போன் வரும். அவன் தேறி வந்தால் எனக்கு ஊர் திரும்ப டிக்கெட் வரும். மற்றவர்களின் லாக்கரில் பித்தளைத் தகட்டில் பேர் இருக்கும். எனக்கு டேப் ஒட்டி, பேனாவால் எழுதியிருப்பார்கள். இதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இருந்ததில்லை. டேப்பில் பேர் இருந்தாலும் ஆட்டம் ஆட்டம்தான்.

ஆனால் முப்பத்து மூன்று வயதாகிவிட்டது. அந்த மால் அணியில் டிஃபென்ஸுக்கு ஒரே ஒரு இடம் காலியாக இருந்தது. அது கிடைக்காவிட்டால் இனி யாரும் கூப்பிடப் போவதில்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். எனக்கு இன்னும் ஆட வேண்டும் என்று ஆசை இருந்தது. வேறு காரணம் ஒன்றும் கிடையாது.

3. கிட் ரூம்

விழுந்து எழுந்து வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். அணியின் சாமான்களையெல்லாம் பார்த்துக்கொள்ளும் கிட்மேன் ஜோசப் பாலக்காட்டுக்காரர், நம் தமிழ் நன்றாகப் பேசுவார். என் காலைத் தூக்கி, பிளேடின் அடிப்பக்கத்தில் விரலை ஓட்டினார். அவர் முகம் மாறிவிட்டது.

"டேய், யாருடா இதை இப்படிப் பண்ணினது?"

நானும் தடவிப் பார்த்தேன். வழவழவென்று இருந்தது. குனிந்தால் முகம் தெரியும் போல அப்படி ஒரு ஃபினிஷ்.

விவரம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஐஸ் ஸ்கேட் பிளேடு கத்தி மாதிரி இருக்காது. அடிப்பக்கத்தில் நீளவாக்கில், நடுவில் மெல்லிய குழி ஓடும். குழிக்கு இரண்டு பக்கமும் இரண்டு கூர்விளிம்பு. அந்த விளிம்புதான் ஐஸைக் கவ்வும். பிளேடு முன்னும் பின்னும் லேசாக மேல்நோக்கி வளைந்தும் இருக்கும். அந்த வளைவு இருந்தால்தான் திரும்ப முடியும். என் பிளேடில் குழியும் இல்லை, வளைவும் இல்லை.

யார் செய்தது என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது.

கோயமுத்தூர் கணபதியில் அப்பாவுக்கு ஒரு சின்னப் பட்டறை. பம்ப் கம்பெனிகளின் உதிரிபாகங்களைக் கூலிக்குத் தேய்த்துக் கொடுக்கும் கிரைண்டிங் ஜாப் வொர்க். நான் அந்த மெஷினில் வந்து நிற்பேன் என்று எதிர்பார்த்தார், நான் நிற்கவில்லை. அதிலிருந்து என் ஆட்டத்தைப் பற்றி வீட்டில் பேச்சே கிடையாது. "எப்ப கெளம்பறே?", "எப்ப வாரே?" அவ்வளவுதான். அந்த முறை பீளமேடு ஏர்போர்ட்டில் இறக்கிவிடும்போது மட்டும், என்றைக்கும் இல்லாத சிரிப்போடு சொன்னார்.

"உம்பட செருப்புல இருந்த தகட்டையெல்லாம் ரெடி பண்ணி வெச்சிருக்கறேன் கண்ணு. துருப் புடிச்சிருந்துச்சு. வெளையாடறப்ப பாரு, தெரியும்."

துருவைத் தேய்த்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். பிளேடின் உறையைக் கழற்றி அடிப்பக்கத்தைப் பார்க்க, ஐஸில் இறங்கும்போது கூடத் தோன்றவில்லை.

அவர் ஸ்பேர் ஜோடியையும் விட்டு வைக்கவில்லை. போன வளைவை அங்கேயே மறுபடி கொண்டுவர நேரமில்லை. ஜோசப் என் சைஸுக்குப் பிளேடு தேடினார், கிடைக்கவில்லை. ஒரு சைஸ் பெரிய ஸ்கேட்டை இரவல் வாங்கி, இரண்டு சாக்ஸ் போட்டுக்கொண்டு ஆடினேன். விழவில்லை. ஆனால் இருபது வயதுப் பையன்கள் என்னைச் சுலபமாகத் தாண்டிப் போனார்கள்.

ஆட்டம் முடிந்ததும் கோச்சிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"தன் ஸ்கேட்டைத் தானே பார்க்காமல் ஐஸில் இறங்குகிறவனை நான் எப்படி எடுப்பது?" என்றார்.

 அவர் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

4. போன்

சாயந்திரம் அப்பாவே கூப்பிட்டார். இத்தனை வருடத்தில் ஓர் ஆட்டம் முடிந்து அவர் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"தகடு எப்படி கண்ணு இருந்துச்சு? நடுவுல தேஞ்சு குழி உழுந்திருந்துச்சு. ரெண்டு முனையும் வேற வளைஞ்சு கெடந்துச்சு. அதைய வெச்சுட்டு எப்படித்தான் வெளையாடுனயோ! எல்லாம் நேராக்கிப்போட்டேன். டயல் கேஜ் வெச்சுப் பாத்தா முள்ளு அசையல, அத்தன சமம்."

நன்றாக இருந்தது என்று சொல்லிவிட நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆனால் அவர் முப்பது வருடமாக ஜாப் வொர்க் செய்கிறவர். ரிஜெக்ட் ஆன பீஸை ஓகே என்று சொன்னால் அதுதான் அவருக்கு அவமானம். உண்மையைச் சொல்லிவிட்டேன்.

"அப்பா, அது தேய்மானம் இல்லீங்க. அந்தக் குழி இருக்கோணுமுங்க. வளைவும் இருக்கோணும்."

 பட்டறையில் மெஷின் ஓடுவது மட்டும் கேட்டது. பிறகு அதையும் யாரோ நிறுத்தினார்கள்.

"அப்ப, வேலை?"

"கெடைக்கலீங்கப்பா."

 அழுகிறாரோ என்று பயந்தேன். அவர் கேட்டது வேறு.

"அந்தக் குழி எத்தன ரேடியஸ் கண்ணு?"

மால் படிக்கட்டில் உட்கார்ந்து சொன்னேன். அரை இன்ச் ரேடியஸ். விளிம்பு ஏன் இரண்டு வேண்டும், கனமான ஆளுக்குக் குழி ஏன் குறைவாக இருக்க வேண்டும், டிஃபென்ஸ்காரன் பின்னோக்கிச் சறுக்கிக்கொண்டே எதிராளியை எப்படிப் பார்ப்பான், எல்லாம் சொன்னேன். ஒன்று விடாமல் கேட்டார். நடுநடுவே "அப்புடியா!" என்றார்.

"இத்தன வருசமா இதையெல்லாம் சொல்லவே இல்லயே கண்ணு."

"நீங்க கேக்கவே இல்லீங்களேப்பா."

"ஆமா. கேட்டிருக்கோணும்."

வேலை கிடைக்காமல் போனதில் எனக்கு வருத்தம்தான். இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் ஊருக்குத் திரும்பும்போது, வீட்டுக்குப் போகத் தயங்காத முதல் பயணம் அதுவாக இருந்தது.

பிள்ளைகளே, நான் கற்றுக்கொண்டது இதுதான். ஐஸில் இறங்குமுன் பிளேடைத் தடவிப் பாருங்கள். வீட்டுக்குப் போனதும் அதை அப்பா அம்மா கையில் கொடுத்து, அவர்களையும் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். அவர்கள் கேட்கட்டும் என்று காத்திருக்காதீர்கள்.