தொப்பிக்காரன் யாருடைய ஆள்

எனக்கு எழுபத்தாறு வயது. பெற்றது நான்கு, கொழுந்தனார் போனபின் என்னிடம் வந்து சேர்ந்தது இரண்டு, ஆக ஆறு பேரை வளர்த்து ஆளாக்கினேன். எதற்காகவும் யார் வாசலிலும் போய் நின்றதில்லை. இன்றும் பீடிப் புகை மூக்கில் பட்டால் எனக்கு ஒரு வெளிச்சம்தான் நினைவுக்கு வரும். சினிமாக் கொட்டகையின் பின்சுவர் ஓட்டையிலிருந்து திரைக்குப் போகும் வெளிச்சம். ஆண்கள் பக்கத்துப் பீடிப் புகையெல்லாம் அதற்குள் ஏறி, தண்ணீரில் பால் கலந்ததுபோலச் சுழன்றுகொண்டிருக்கும்.

கறுப்பு வெள்ளைக் கொள்ளைக் கூட்டப் படம் என்றால் எனக்கு உயிர். பேத்தி செல்போனில் போட்டுக் கொடுத்துவிட்டு, "அம்மாயி, இதுல கலரே இல்லியே, ஒரே இருட்டு" என்பாள். அந்த இருட்டுதானே விஷயம். முதலில் பூட்ஸ் சத்தம் வரும், அப்புறம் படிக்கட்டில் நிழல் வரும், ஆள் கடைசியில்தான் வருவான். வந்தாலும் தொப்பிக்குக் கீழே தாடை மட்டும் தெரியும். கூட்டத்துத் தலைவனை எல்லாரும் "பாஸ்" என்பார்கள், அவன் குரல் மட்டும் கேட்கும். நல்லவனும் கெட்டவனும் ஒரே மாதிரி கோட்டுப் போட்டு, ஒரே மாதிரி சிகரெட் பற்றவைப்பார்கள். இவன் யாருடைய ஆள் என்ற ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டு மூச்சை அடக்கி உட்கார்ந்திருக்கவேண்டும். அப்படி நான் உட்கார்ந்திருந்த ஒரு பகல் ஆட்டத்தைத்தான் சொல்ல வந்தேன்.

அப்போது எனக்குப் பதினைந்து வயது. மண்ணரையிலிருந்து நடந்துபோய்த் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் "பிசிறு" வெட்டினேன், அதாவது தைத்த பனியனில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலைக் கத்தரிக்கும் வேலை. அம்மா இறந்தபின் அப்பாவின் அக்கா, என் அத்தை, எங்கள் வீட்டை நடத்தினார்கள். அப்பா பஞ்சு மில்லில் வேலை பார்த்தார். அக்காவின் பேச்சுக்கு அவர் மறுபேச்சுப் பேசி நான் கேட்டதே இல்லை. அந்த அத்தைதான் எனக்கு மூலனூரில் ஒரு சம்பந்தம் பார்த்திருந்தார்கள். காடு தோட்டம் உள்ளவர், மனைவி இறந்தவர், அவருடைய மூத்த மகளுக்கு என் வயது. "ஆம்பளைக்கு என்ன வயசு, காட்டுக்கு வயசாகுமா" என்பது அத்தையின் பேச்சு.

அன்று காலை, வெற்றிலை பாக்கு கொடுத்துச் சம்மதம் சொல்லிவிட்டு வர, அப்பா வெளுத்த சட்டையும் மஞ்சள் பையுமாக மூலனூருக்குக் கிளம்பினார். என் முகத்தை அவர் பார்க்கவில்லை. நான் கம்பெனிக்குப் போனேன். நூல் வரவில்லை என்று மத்தியானமே விட்டுவிட்டார்கள். பக்கத்தில் உட்கார்ந்து பிசிறு வெட்டும் மைமூன், "ஊட்டுக்குப் போயி அழுகறதுக்குக் கொட்டாயில உக்காந்து அழுவு புள்ள, ஆருக்கும் தெரியாது" என்று கையைப் பிடித்து இழுத்துப்போனாள்.

கொட்டகையில் ஆண்கள் பக்கத்துக்கும் பெண்கள் பக்கத்துக்கும் நடுவே நெஞ்சுயர மண்சுவர் உண்டு. தொப்பிக்காரன் ஒருவன் பாஸின் ரகசிய அறைக்குள் நுழைகிறான், எங்கும் சத்தமில்லை. அந்த அமைதியில் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு செருமலும், தொடர்ந்து இரண்டு இருமலும் கேட்டன. பஞ்சுத் தூசி இருமல். பிறந்ததிலிருந்து நான் கேட்டுவரும் இருமல்.

"உங்கப்பாரு மூலனூரு போறாருன்னியே புள்ள" என்றாள், சுவருக்கு மேலே எட்டிப் பார்த்த மைமூன்.

"பேசாத."

இடைவேளைக்கு விளக்குப் போட்டார்கள். மைமூன் தன் வெள்ளைத் துப்பட்டியை விரித்து எங்கள் இருவர் தலையையும் மூடினாள். அதன் இடுக்கு வழியே பார்த்தேன். எல்லாரும் முறுக்குக்கும் டீக்கும் எழுந்து போயிருக்க, அப்பா மட்டும் மடியில் மஞ்சள் பையுடன், ஒன்றுமில்லாத திரையைப் பார்த்தபடி இருந்தார். பையிலிருந்து வெற்றிலைக் காம்பு நீட்டிக்கொண்டிருந்தது. அவர் போகவே இல்லை. மனம் மாறிவிட்டாரா, நாளைக்குத் தள்ளிப்போட்டாரா, அதுதான் தெரியவில்லை. நான் வந்தது தெரிந்தால் கோபத்தில் இன்றைக்கே கிளம்பிவிடுவாரோ என்றும் பயம். பிற்பாதியில் அந்தத் தொப்பிக்காரன் தொப்பியைக் கழற்றி, தான் போலீஸ் என்று சொன்னபோது கொட்டகையே விசிலடித்தது. என் காதில் இருமல் மட்டும்தான் விழுந்தது.

ஆட்டம் விட்டதும் துப்பட்டியை முகம்வரை இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே வந்தோம். வாசலில், போஸ்டருக்கு அருகே அப்பா நின்றிருந்தார். அவருக்கு இரண்டு முழம் தள்ளி நடந்துபோனேன். அவர் கூப்பிடவில்லை.

பொழுது சாயும்போது அவர் வீட்டுக்கு வந்தார். அத்தை வாசலிலேயே மறித்து, "பாக்கு வெத்தல மாத்தியாச்சா?" என்றார்கள்.

"போகலீங்கக்கா. பஸ் ஏறப் போற சமயம் டீக்கடையில தலைக்கு நேரா கவுளி சொல்லிருச்சுங்க."

கவுளி என்றால் பல்லி. அது கெட்ட இடத்தில் சொல்லிவிட்டால் எங்கள் பக்கத்தில் கிளம்பிய கல்யாணமும் நின்றுபோகும். எவ்வளவு பெரிய மனுஷியும் அதை எதிர்த்துப் பேசமாட்டாள். ஆனால் அத்தை லேசில் விடவில்லை.

"அப்பறம் இந்நேரம் வரைக்கும் எங்கடா இருந்த?"

"கோயில்ல உக்காந்திருந்தனுங்க."

"எந்தக் கோயில்லடா சாமிக்குப் பீடி பத்த வெக்கறாங்க?"

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். இன்னும் ஒரு கேள்வி கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பார். சொல்லியிருந்தால் மறுநாள் அத்தையே அவரைக் கூட்டிக்கொண்டு மூலனூருக்குப் பஸ் ஏறியிருப்பார்கள். அதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"கோயில்லதானுங்க அத்தை இருந்தாரு. கம்பெனி உட்டு வரையில நானும் பாத்தனுங்க. பக்கத்துல நாலு பேரு பீடி குடிச்சிட்டிருந்தாங்க."

அத்தை என்னையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார்கள். அப்புறம் பையை வாங்கி, வாடிய வெற்றிலையை எடுத்து மாட்டுக்குப் போட்டார்கள். அந்தச் சம்பந்தத்தை அதன்பின் யாரும் எடுக்கவில்லை.

கை கால் கழுவ அப்பாவுக்குத் தண்ணீர் ஊற்றினேன். அவர் காலைப் பார்த்தபடியே, "துப்பட்டியில மூஞ்சிய மூடுனவ, செருப்பு வார்ல கட்டுன செவப்புப் பனியன் துணிய மூட மறந்துட்டியே கண்ணு" என்றார். நான் சொம்பில் மறுபடி தண்ணீர் மொண்டேன். அதைக் காலில் ஊற்றும்போது, "அந்தத் தொப்பிக்காரன் நம்மாளுன்னு உனக்கு எப்பத் தெரிஞ்சுது?" என்று கேட்டார்.

"கடைசி வரைக்கும் தெரியலீங்கப்பா" என்றேன்.

அவர் சிரிக்க ஆரம்பித்து, அது இருமலில் போய் முடிந்தது.

கொட்டகை இருந்த இடத்தில் இப்போது கம்பெனி வேன்கள் நிற்கின்றன. மண்சுவர் இல்லை, மைமூன் இல்லை, கவுளி சொன்னது என்றால் பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள். அத்தை சாகும்வரை அந்தக் கவுளியை நம்பினார்கள். நானும் அப்பாவும் அவர்களிடம் வாயைத் திறக்கவில்லை. எனக்குக் கையெழுத்துப் போடவும், பஸ் பெயரை எழுத்துக்கூட்டவும்தான் தெரியும். நான் சொல்லச் சொல்ல எழுதியவள் பேத்தி; ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை என்று சத்தியம் செய்கிறாள். அதையும் பார்த்துவிடலாம். முதலிலிருந்து படி கண்ணு. அப்பா வீட்டுக்கு வருகிற இடத்தில் மட்டும் கொஞ்சம் மெதுவாகப் படி.